உச்சிவேளையில் ஏறிய கிணறு

வாளி சீக்கிரம் தண்ணீரைத் தொட்டுவிட்டது.

முதலில் நடந்தது அதுதான். கத்திரி வெயில், உச்சிப்பொழுது. கேளம்பாக்கத்து வீட்டுக் கிணற்றடியில் அம்மா லுஹர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வெயில் காலத்தில் எங்கள் கிணற்றில் கயிற்றை முழுக்க விட்டால்தான் அடியில் கலங்கலாக ஒரு சொம்பு தேறும். அன்று பாதிக் கயிறு கையில் இருக்கும்போதே 'சளக்' என்றது.

அம்மா கயிற்றை அப்படியே பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"மும்தாஜு, இங்க வா. தண்ணி மேல வந்துகீது."

"வெயில்ல தல சுத்துதா உனுக்கு?"

"வந்து பாருடி."

எட்டிப் பார்த்தேன். போன வாரம் அடிச்சேறு தெரிந்த இடத்தில் கறுப்பாக, அசையாமல் தண்ணீர். அதில் என் முகம். மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு வாசனையும் வந்தது. மல்லிகையும் சந்தனமும் கலந்த மாதிரி லேசான வாசனை. நாற்றம் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

கக்கூஸ் கடை மும்தாஜ்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் கடையைத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கேளம்பாக்கம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் க்ளோசெட், வாஷ்பேசின், குழாய், பைப் விற்கும் கடை. அத்தா வைத்தது. அவர் மவுத்தான பிறகு கல்லாவில் நான். முகத்துக்கு நேரே 'சானிட்டரி கடை அக்கா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு வேறு பெயர். அதைத்தான் மேலே தலைப்பாகப் போட்டிருக்கிறேன்; நானே போட்டுக்கொண்டால் அடுத்தவருக்கு அதில் ருசி இருக்காது.

க்ளோசெட் வாங்க வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது ஒரு தனி சுகம். கலர் கேட்பார்கள். ஃப்ளஷ் அடித்தால் சத்தம் வருமா என்பார்கள். கடையிலேயே உட்கார்ந்து பார்த்து, எழுந்து, மனைவியையும் உட்காரச் சொன்ன மனிதர் ஒருவர் உண்டு. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட, "இதுல போறதெல்லாம் எங்க போய் சேருது?" என்று கேட்டதில்லை. பட்டனை அழுத்தினால் போய்விடும். அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது. அடுக்குமாடிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அதனால் ஒரு சட்டம் உண்டு. பெரிய குடியிருப்பு கட்டினால் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தையும் சொந்தச் செலவில் உள்ளேயே கட்ட வேண்டும். சுத்தமான தண்ணீரைத் தோட்டத்துக்கும் ஃப்ளஷுக்கும் விட வேண்டும். வெளியே ஒரு சொட்டு வரக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. மழைநீர் வீணாகாமல் பூமிக்குள் இறங்க, ஆழமாகக் குழிக்கிணறு தோண்டி வைக்க வேண்டும்.

இரண்டுமே நல்ல சட்டங்கள். எனக்கு இரண்டின் மேலும் கோபமில்லை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு ஒன்று இருந்தது. அது போய் அடுக்குமாடி வந்தது. அந்தக் காம்பவுண்ட் சுவரிலிருந்து எங்கள் கிணறு நாலு எட்டு தூரம்கூட இருக்காது. சாயங்காலமானால் அந்தக் கட்டடத்தின் நிழல் எங்கள் வீட்டை முழுசாக மூடும். கோடையில் அது சௌகரியமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாசனைத் தண்ணீர்

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை நஸீமாவைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். ஏழாம் மாதம். அவளை மாமல்லபுரத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை டூரிஸ்ட்டுகளுக்குச் சட்டை துணிமணி விற்கும் கடை வைத்திருப்பவர். கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்காமல், ஊரார் வாயெல்லாம் திறந்து ஓய்ந்த பிறகு வந்த பிள்ளை. அவள் தும்மினால் வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்போம். காற்று வரட்டும் என்று கிணற்றைப் பார்த்த ஜன்னலோரம் அவளுக்குக் கட்டில் போட்டோம்.

கிணறு தினமும் ஏறியது. பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொல்லும் நேரம்தான் அதற்கும் நேரம். முதலில் ஆழத்தில், யாரோ மிடறு விழுங்குவதுபோல ஒரு சத்தம். கொஞ்சம் குமிழ்கள். பிறகு தண்ணீர் அரவமில்லாமல் கிணற்று உறை ஒன்றின் உயரம் மேலே வந்து நிற்கும். சாயங்காலத்துக்குமேல் மெல்ல இறங்கும். மறுநாள் நடுப்பகலில் மறுபடியும் ஏறும்.

பாங்கு நேரத்தில் ஏறுகிற தண்ணீர். அதில் அத்தர் வாசனை. அம்மாவுக்கு இதற்குமேல் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"யாரோ அவ்லியா இங்க அடங்கிகீறாங்க. நஸீமா வயித்துல புள்ள வந்த நேரம், கண்ணத் தொறந்துட்டாங்க."

தென்னந்தோப்புக்குள் எந்தக் காலத்திலும் இறைநேசர் எவருடைய அடக்கமும் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் சொன்ன மறுவாரமே எதிர்வீட்டுப் பெரியவருக்கு அப்படி ஒன்று இருந்தது ஞாபகம் வந்துவிட்டது.

பெண்கள் பாட்டிலும் சொம்புமாக வர ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, அடுக்குமாடியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவள், ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து ஒரு குடம் கேட்டாள். அடுக்குமாடியிலிருந்தே இரண்டு பெண்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, முக்காடுபோலத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, பாட்டிலில் பிடித்துப் போனார்கள். அம்மா பூரித்துப்போனாள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவர்தான் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணிய ஒரு டெஸ்ட்டுக்குக் குடுத்துப் பாருங்கம்மா" என்றார். அவர் தெருமுனையைத் தாண்டும்வரை அம்மா பொறுத்துக்கொண்டாள்.

"ஹஜ்ரத்துக்கே ஈமான் கொறஞ்சு போச்சு, பாத்தியா!"

நஸீமாவுக்குக் கேன் தண்ணீர் நின்றது. கிணற்றுத் தண்ணீர் வந்தது. நான் சண்டை போட்டேன்.

"காய்ச்சியாவது குடும்மா."

"காய்ச்சினா வாசன பூடும்டி. கடையில பைப்பு விக்கிற வேலைய மட்டும் பாரு."

நஸீமா சிரித்துக்கொண்டே குடித்தாள். அவளுக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. மசக்கையில் எதைக் கண்டாலும் குமட்டிய பெண்ணுக்குத் தண்ணீராவது இறங்குகிறதே என்று நானும் வாயை மூடினேன்.

நண்டு இல்லாத மணல்

இங்கே ஒரு பழைய சமாச்சாரம். இதற்குச் சில வருஷம் முன்னால் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜுக்குக் க்ளோசெட் சப்ளை செய்தேன். கடற்கரையை ஒட்டிய லாட்ஜ். மாடிக்கு மேல் மாடி எடுத்து, ரூமுக்கு ரூம் பாத்ரூம் போட்டார் முதலாளி. எல்லாம் போய்ச் சேர்வதற்குப் பழைய செப்டிக் டேங்க் ஒன்றே ஒன்று.

"போதுமா அண்ணாத்த?" என்று கேட்டேன்.

"மணல் தானே மும்தாஜு, எல்லாத்தையும் குடிச்சிக்கும்" என்றார்.

சாமான் இறக்கிய மதியம் லாட்ஜுக்குப் பின்னால் நடந்தேன். கல் செதுக்கும் பட்டறைகளின் உளிச் சத்தம் காற்றில் வந்துகொண்டிருந்தது. சீசன் நேரம், ரூமெல்லாம் ஆள். அலை எட்டாத தூரத்தில் மணல் ஓர் இடத்தில் மட்டும் கருத்து ஈரமாக இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். அந்தக் கரையில் காலடி வைத்தால் நண்டு ஓடும். அங்கே ஒரு வளைகூட இல்லை. வலை காயப்போட வந்த பெண் ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"அங்க நிக்காத க்கா. அந்த எடத்துல நாய்கூட படுக்காது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. ஆனால் அவள் பேய்க்குப் பயந்தவள்போலச் சொன்ன விதம் நெடுநாள் காதில் இருந்தது. மணல் குடித்துக்கொள்ளும் என்றார் முதலாளி. குடித்ததை அது எங்கே கொண்டுபோய்க் கொடுக்கும் என்று அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்

கட்டிலில் படுத்தபடி கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள் நஸீமா. அவள்தான் ஒரு நாள் கேட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம மட்டும் தண்ணி லேட்டா வருது, கவனிச்சியா?"

"எவ்ளோ லேட்டு?"

"அஸர் பாங்கு ஆயிடுது."

அஸர் சாயங்காலத் தொழுகை. நான் சிரித்துவிட்டேன்.

"அவ்லியாவுக்கும் ஞாயித்துக்கெழம லீவா?"

அம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். சிரிப்பு அதோடு போய்விட்டது. ஆனால் அந்த 'லீவு' என்ற வார்த்தை போகவில்லை. கடையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் வந்து உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமையில் லேட்டாக எழுந்திருப்பது அவ்லியாவா?

அடுத்து ஒரு நீண்ட விடுமுறை வந்தது. அடுக்குமாடிக்காரர்கள் பெட்டி படுக்கையோடு சொந்த ஊர்களுக்குக் கிளம்பினார்கள். பார்க்கிங் வெறிச்சோடியது. அன்று லுஹருக்குக் கிணற்றடியில் காத்திருந்த பெண்கள் வெறும் குடத்தோடு திரும்பினார்கள். மறுநாளும் ஏறவில்லை. வாசனையும் இல்லை.

"நாம ஏதோ தப்பு செஞ்சுட்டோம்" என்று அம்மா அழுதாள். வீட்டை அலசிவிட்டு, ஃபாத்திஹா ஓதி, சர்க்கரை வழங்கினாள்.

விடுமுறை முடிந்தது. கார்கள் திரும்பின. மறுநாள் நான் கடைக்குப் போகாமல் கிணற்றடியிலேயே நின்றேன். காலையில் சுவருக்கு அப்பால் அத்தனை குளியலறைகளும் விழித்தன. ஷவர் சத்தம், ஃப்ளஷ் சத்தம், வாஷிங் மெஷின் சத்தம், எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது. பிறகு ஆபீஸ் பஸ்கள் போயின; கட்டடம் அமைதியானது. வெயில் ஏறியது. நான் நகரவில்லை.

பாங்கு கேட்டது. ஆழத்தில் அந்த மிடறு விழுங்கும் சத்தம் வந்தது. குமிழ் வந்தது. தண்ணீர் ஏறியது.

அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பக்கம் பார்த்த சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பாத்ரூம் ஜன்னல்கள். வாசனை மேலே வந்தது. இந்த வாசனை எனக்குப் புதிதா என்ன? புது பாத்ரூம்களில் எத்தனை தடவை நின்றிருக்கிறேன்! ஷாம்பு. சோப்பு. துணி அலசிய தண்ணீர். கூட வந்த மற்றதற்குத்தான் வாசனை தெரியவில்லை.

வாளியைக் கவிழ்த்தேன். ஜன்னலைப் பார்த்து, "நஸீமா, அந்தத் தண்ணிய குடிக்காத!" என்று கத்தினேன்.

அவள் சொம்போடு ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. சில நாளாகவே சோறு இறங்கவில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாசம் ஏறினால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லியிருந்தோம். அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

"இன்னா தண்ணி குடிக்கிறீங்க?"

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மஞ்சள் காமாலை. கெட்ட தண்ணீரில் வருகிற வகை. மற்றவர்களைப் படுக்கவைத்து எழுப்பிவிடும், கர்ப்பிணியைக் கொண்டுபோய்விடும் என்றார் டாக்டரம்மா. எங்கே கொண்டுபோகும் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இன்னா தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டாள். "கெணத்துத் தண்ணி டாக்டர். நல்ல தண்ணி. அத்தர் மாரி வாசனையா இருக்கும்."

டாக்டரம்மா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அம்மா தோளில் கை வைத்தார். அந்தக் கை பட்டதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் உட்கார்ந்தாள், தரையிலேயே.

நஸீமா நினைவில்லாமல் கிடந்தாள். பிழைப்பாளா என்று கேட்டால் நர்ஸுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. நான்தான் துணியில் வாங்கினேன். முகம் நஸீமா மாதிரி இருந்தது. அதற்குமேல் இதை எழுத எனக்குத் தெம்பில்லை.

மீன் தொட்டி

அடுக்குமாடி சங்கத்துச் செயலாளர் பிரகாஷ் என்று ஓர் இளைஞர். மதுரைப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. அவர் சட்டையைப் பிடிக்கும் வேகத்தில்தான் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுத்திகரிப்பு நிலையத்துக் காற்று மோட்டார் ராத்திரியும் பகலும் உறுமுகிறது, தூக்கமில்லை என்று கீழ்த்தள வீட்டார் புகார். மோட்டாரை நிறுத்தினார்கள். காற்றில்லாமல் கழிவு பாதியும் சுத்தமாகவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. வெளியே விடுவது சட்டப்படி குற்றம். கழிவுநீர் லாரி கூப்பிட்டால் நாற்றம் என்று வேறு புகார்.

"மழைநீர்க் குழி சும்மாதான மேடம் கெடந்துச்சு. வெயில் காலந்தானன்னு ஓவர்ஃப்ளோ பைப்ப அதுல விட்டோம். வெளிய ஒரு சொட்டுப் போகலயே."

வெளியே ஒரு சொட்டுப் போகவில்லை. ஒரு சட்டத்துக்குத் தோண்டிய குழியில் இன்னொரு சட்டத்தைப் புதைத்துவிட்டு, இரண்டையும் மதித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழி இருந்தது எங்கள் சுவரோரம்.

"உங்க போரும் இதே பூமியிலதான தண்ணி எடுக்குது?" என்று கேட்டேன்.

"நாங்க கேன் தண்ணிதான் மேடம் குடிக்கிறோம்."

"பல்லு எதுல வெளக்குறீங்க?"

உள்ளே அவருடைய மகள் ஒரு வாரமாகக் காய்ச்சலில் படுத்திருந்தாள். எழுந்து உள்ளே ஓடினார். குழந்தையின் இமையை அவர் விலக்கிப் பார்ப்பது வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. நான் சண்டை போடாமல் வீட்டுக்கு வந்தேன். அந்தக் குழந்தை தேறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

புகாரின் பேரில் அதிகாரிகள் வந்தார்கள். அன்று விடியற்காலையிலிருந்தே மோட்டார் உறுமியது. நிலையத்து வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் சிவப்பு மீன்கள். சுத்தம் செய்த தண்ணீரில் மீன் உயிரோடு இருக்கிறது, பாருங்கள் என்று காட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். அதிகாரிகள் குனிந்து பார்த்தார்கள். மீன்களும் அவர்களைப் பார்த்தன. எல்லோருக்கும் திருப்தி.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா சுவரோரம் வந்தாள்.

"அந்த மீனு நேத்துதான் வந்துச்சு க்கா. தொட்டியில ஊத்தினது கேன் தண்ணி. நான்தான் தூக்கிகினு போய் ஊத்தினேன்."

பிரகாஷுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே அந்த ஓவர்ஃப்ளோ பைப்பை அறுக்கச் செய்தார். அதன் பிறகு மோட்டார் நிற்கவில்லை. அந்த உறுமல் எனக்குத் தாலாட்டாக இருந்தது.

கிணற்றை மணல் கொட்டித் தூர்த்தோம். அம்மா அன்றோடு அத்தர் பூசுவதை விட்டாள். பெருநாளைக்குக்கூடப் பூசுவதில்லை.

மறுபடியும் ஏழாம் மாதம்

பிரகாஷ் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். புதுச் செயலாளர் வந்தார், அவரும் போய் இன்னொருவர் வந்தார். வீடு வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவர்களிடம் யார் சொல்வார்கள்? அறுத்த பைப்பை ஒட்ட ஒரு கப்ளிங் போதும். எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நஸீமாவுக்கு மறுபடியும் பிள்ளை தங்கியது. தாய்வீட்டுக்கு வரமாட்டேன் என்று முதலில் பிடிவாதம் பிடித்தாள். கிணறு இல்லை, குடிக்க, சமைக்க, வாய் கொப்பளிக்கவும் கேன் தண்ணீர்தான் என்று நான் சத்தியம் செய்த பிறகே சம்மதித்தாள். வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அவள் வரவேண்டிய நாள் காலை, தூர்த்த கிணற்றைச் சுற்றி நான்தான் பெருக்கினேன். மணல் உள்வாங்கி இடுப்பளவு பள்ளமாகியிருந்தது. எட்டிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

ஆட்டோ வந்து நின்றபோது வெயில் உச்சியில் இருந்தது. அம்மா கேன் தண்ணீரில் கரைத்த சர்பத்தோடு வாசலில் நின்றாள். நஸீமா ஒரு காலைக் கீழே வைத்தாள். இன்னொரு காலை வைக்கவில்லை. மூக்கு லேசாக விரிந்தது.

"அம்மா, நீ அத்தர் பூசிகீறியா?"

"இல்லியே கண்ணு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில நாளாக மோட்டார் உறுமல் கேட்கவில்லை. வெள்ளையடிக்கும் ஆட்களின் சத்தத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

கிணற்றடிக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். காலையில் வெளுப்பாகக் கிடந்த மணல் நடுவில் கருத்திருந்தது. நான் பார்க்கப் பார்க்க அந்தக் கருப்பு ஓரத்துக்குப் பரவியது. நடுவில் ஒரு குமிழ் எழும்பி உடைந்தது. பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது.

திரும்பினேன். என் முகத்திலேயே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நஸீமா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"இன்னிக்கு இன்னா கெழம க்கா?"

"புதன்."

"அப்ப நேரத்துக்குத்தான் வந்துகீது" என்றாள்.

கீழே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு, டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"அண்ணா, வண்டியத் திருப்புங்க."